உயர்விலை கேமிங் ஹெட்செட்: நான்கு வழிகளில் எது உங்கள் தலைக்கு?

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, முப்பதாயிரம் சேத்து வச்சிருக்கேன். நல்ல ஹெட்செட்டா ஒண்ணே ஒண்ணு வாங்கணும். மூணு வாரமா ரிவ்யூ பாத்து பாத்துக் குழம்பிப் போயிட்டேன்." என்னென்ன பார்த்தாய் என்று கேட்டேன். ஸ்டீல்சீரிஸ், ஆடிஸி, ஹைப்பர்எக்ஸ், ரேசர் என்று அடுக்கினான். கடைசியாக, "கேமிங் ஹெட்செட்டே வேண்டாம், சென்ஹைசர் வாங்கு" என்று யாரோ சொன்னதையும் சேர்த்துக்கொண்டான். "எதுல சவுண்ட் நல்லா இருக்கும்?" என்பதுதான் அவன் கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "உன் ரூம்ல ஃபேன் எத்தனையில ஓடும்?"

அவனுக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் பட்டது. ஆனால் இந்த விலையில் ஹெட்செட் தேடும் யாரிடமும் முதலில் அதைத்தான் கேட்பேன். அவன் சொன்ன ஐந்துமே நன்றாகத்தான் ஒலிக்கும். ஒன்றுக்கொன்று உள்ள ஒலி வித்தியாசத்தை ஈக்வலைசரில் (கனத்த சத்தம், கூர்மையான சத்தம் இவற்றைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) பாதியாவது சரிக்கட்டிவிடலாம். அறையின் இரைச்சல், தலையில் ஏறும் எடை, செருகப் போகும் கன்சோல், நான்கு வருடம் கழித்து பேட்டரி இருக்கும் நிலை ஆகியவற்றை எந்த ஈக்வலைசரும் சரிசெய்யாது. வாங்கிய பிறகு வருத்தப்பட்டவர்கள் என்னிடம் சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை இவைதான். அதனால் ஒலித்தரத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, மற்றதிலிருந்து தொடங்குகிறேன்.

## அளவுகோல்கள்

எதில் செருகப் போகிறீர்கள்? இதில் தவறினால் வாங்கிய பொருள் வேலையே செய்யாது. சாதாரண யூஎஸ்பி ஹெட்செட்டைக் கணினியும் பிஎஸ்5-உம் (பிளேஸ்டேஷன் 5) ஏற்றுக்கொள்ளும்; எக்ஸ்பாக்ஸ் ஏற்காது. எக்ஸ்பாக்ஸுக்கு என்று உரிமம் பெற்றுத் தயாரித்த பதிப்பாக இருக்க வேண்டும். பிஎஸ்5 புளூடூத் ஹெட்செட்டை நேரடியாக ஏற்காது. நின்டெண்டோ ஸ்விட்ச் 2021 செப்டம்பரில் வந்த அப்டேட்டுக்குப் பிறகு புளூடூத் ஒலியை ஏற்கிறது, ஆனால் அந்த வழியில் மைக் வேலை செய்யாது. எல்லாக் கதவையும் திறக்கும் ஒரே சாவி பழைய 3.5 மிமீ வயர்தான். அந்தத் துளை பிஎஸ்5 கன்ட்ரோலரிலும் இப்போதைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரிலும் இருக்கிறது.

இதோடு சேர்ந்தது புளூடூத் தாமதம். வழக்கமான புளூடூத்தில் ஒலி 100 மில்லிவினாடிக்கு மேல் பின்தங்கி வருவது சகஜம். வினாடிக்கு 60 ஃபிரேமில் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேம் என்பது சுமார் 17 மில்லிவினாடி. அதாவது எதிராளி சுட்ட சத்தம் காதுக்கு வரும்போது திரையில் ஆறு ஃபிரேம் ஓடிவிட்டிருக்கும். போதாததற்கு, புளூடூத்தில் மைக்கையும் இயக்கினால் பெரும்பாலான கணினிகளில் ஒலி பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். அதனால் கேமிங்குக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகும் சின்ன வயர்லெஸ் ரிசீவர்) அல்லது வயர். ஹெட்செட்டில் புளூடூத் இருப்பது போனுக்காக மட்டும்.

அறை எப்படி? நம் ஊரில் இது பெரிய விஷயம். ஐந்தில் ஓடும் சீலிங் ஃபேன், ஜன்னலுக்கு வெளியே தெரு, பக்கத்து அறையில் டிவி. இரைச்சலை மீறிக் கேட்க நாம் ஒலியைக் கூட்டுகிறோம். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பு வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் வெறும் 5 மணி. ஃபேன் சத்தத்தை அமுக்க வால்யூமை இரண்டு படி ஏற்றுவது ஒரு வாரத்துக்கான கேட்கும் நேரத்தை இரண்டு நாளில் தின்றுவிடும். போன செவித்திறன் திரும்பி வராது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் போவதாக இருந்தால், இது அந்தப் பத்தியாக இருக்கட்டும்.

தலையும் காதும். கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்தால் 490 கிராமும் 240 கிராமும் ஒன்று போலத்தான் இருக்கும். மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து வித்தியாசத்தைச் சொல்லும். கண்ணாடி அணிபவர்களுக்கு இறுக்கமும் முக்கியம். காதுக்கு மேலே சட்டம் அழுந்தி வலிக்கும், சட்டத்தின் இடைவெளி வழியாக வெளிச்சத்தமும் உள்ளே வரும். இன்னொன்று வியர்வை. என் வீடு கடலிலிருந்து மூன்று கிலோமீட்டர். முன்பு நான் வைத்திருந்த ஒரு ஹெட்செட்டின் செயற்கைத் தோல் குஷன் இரண்டாவது மழைக்காலத்தோடு கறுப்புச் செதிலாக உதிரத் தொடங்கியது. கழற்றும்போது காது மடலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரப்பதம் அந்தப் பூச்சைச் சிதைத்துவிடும். துணி அல்லது வெல்வெட் குஷன் இப்படி உரியாது, காற்றும் போகும். ஆனால் வெளிச்சத்தத்தைத் தடுப்பதில் தோலுக்கு ஒரு படி கீழே.

மைக். நண்பர்களோடு பேசி விளையாடுபவருக்கு அவர்கள் காதில் நாம் எப்படி விழுகிறோம் என்பதும் தரத்தில் சேர்த்தி. வயர்லெஸ் ஹெட்செட்களில் மைக்குக்கு ஒதுக்கும் அலைவரிசை பொதுவாகக் குறைவு. விலை உயர்ந்தவையும் இங்கே வழுக்கி விழுகின்றன.

ஆயுள். குஷன் மாற்றலாமா, பேட்டரி மாற்றலாமா, டாங்கிள் தனியாகக் கிடைக்குமா? விலைப்பட்டியலில் வராத செலவெல்லாம் இந்த மூன்றில் ஒளிந்திருக்கிறது.

அளவுகோலில் சேர்க்காமல் விட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். சுற்றிலுமிருந்து சத்தம் வருவது போலக் கேட்கும் என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் "7.1 சரவுண்ட்" பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். இந்த ஐந்திலும் காதுக்கு ஒரு டிரைவர்தான், அதாவது ஒலி எழுப்பும் ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். திசையை மென்பொருள்தான் உண்டாக்குகிறது. அந்த வேலையை பிஎஸ்5-இன் டெம்பஸ்ட் என்ற ஒலி வசதி எந்த ஸ்டீரியோ ஹெட்செட்டுக்கும் செய்துகொடுக்கும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, வாலரன்ட் போன்றவற்றில் விளையாட்டுக்குள்ளேயே அந்த வசதி இருக்கிறது. விண்டோஸில் விண்டோஸ் சோனிக் இலவசம். விளையாட்டு ஒரு முறை திசை சேர்த்ததன் மேல் ஹெட்செட் மென்பொருள் இன்னொரு முறை சேர்த்தால் காலடி எங்கிருந்து வருகிறது என்பதே குழம்பிவிடும். ஏதாவது ஒன்றை மட்டும் இயக்குங்கள். "40,000 ஹெர்ட்ஸ் வரை" என்பதும் அப்படியே. நல்ல இளம் காதுக்கே எல்லை 20,000.

## எண்களில்

இந்திய விலை இறக்குமதியையும் தள்ளுபடிக் காலத்தையும் பொறுத்து மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதனால் அறிமுகமான நாளின் டாலர் விலையைத் தருகிறேன். ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். பேட்டரி நேரம் நிறுவனங்கள் சொல்வது.

| | ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ் | ஆடிஸி மேக்ஸ்வெல் | ஹைப்பர்எக்ஸ் க்ளவுட் ஆல்ஃபா வயர்லெஸ் | ரேசர் பிளாக்‌ஷார்க் வி2 ப்ரோ | சென்ஹைசர் எச்டி 560எஸ் |
|---|---|---|---|---|---|
| அறிமுகம் | 2022 | 2023 | 2022 | 2023 பதிப்பு | 2020 |
| விலை | 350 டாலர் | 299. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு 329 | 200 | 200 | 200, மைக் தனி |
| எடை | சுமார் 340 கிராம் | 490 கிராம் | சுமார் 335 கிராம் | 320 கிராம் | 240 கிராம் |
| பேட்டரி | 22 மணி, இரண்டு பேட்டரி | 80 மணிக்கு மேல் | 300 மணி | 70 மணி | தேவையில்லை |
| புளூடூத் | உண்டு | உண்டு | இல்லை | உண்டு | இல்லை |
| இரைச்சல் நீக்கம் | உண்டு | இல்லை | இல்லை | இல்லை | இல்லை. காதுக்கோப்பையின் பின்புறம் திறந்தே இருக்கும் |

## ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ்: வீட்டில் இரண்டு கருவி இருப்பவருக்கு

இதன் உயிர் ஹெட்செட்டில் இல்லை, மேசை மேல் உட்காரும் சின்னப் பெட்டியில் இருக்கிறது. அதன் பின்னால் இரண்டு யூஎஸ்பி துளைகள். ஒன்றில் கணினி, இன்னொன்றில் பிஎஸ்5. குமிழைத் திருப்பி அழுத்தினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். வயர் பிடுங்க வேண்டியதில்லை. அதே நேரத்தில் போனும் புளூடூத்தில் இணைந்திருக்கும். விளையாட்டுச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் அழைப்பை எடுத்துப் பேசலாம்.

பேட்டரி 22 மணி நேரம்தான், இரைச்சல் நீக்கம் போட்டால் இன்னும் குறையும். ஆனால் பெட்டியில் இரண்டு பேட்டரி வருகிறது. ஒன்று காதில் இருக்கும்போது மற்றொன்று மேசைப் பெட்டிக்குள் சார்ஜ் ஏறும். தீர்ந்தால் காதுக்கோப்பையின் காந்த மூடியை எடுத்து மாற்றிக்கொள்ள பத்து வினாடி. சார்ஜ் வயர் என்ற ஒன்றையே மறந்துவிடலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு: பேட்டரி சோர்ந்துபோனால் பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும், ஹெட்செட்டைத் தூக்கிப்போட வேண்டாம். எல்லா வயர்லெஸ் ஹெட்செட்டும் இப்படி இருந்திருக்க வேண்டும்.

அட்டவணையில் இரைச்சல் நீக்கம் உள்ளது இது ஒன்றுதான். அந்த வசதி தாழ்ந்த, ஒரே சீரான சத்தத்தை நன்றாக அமுக்கும்: ஃபேன், ஏசி, கணினி விசிறி. தெரு ஹாரனையும் பக்கத்து அறைப் பேச்சையும் ஓரளவுக்கு மேல் தடுக்காது. நம் அறைகளில் முதல் வகைதான் நாள் முழுக்க ஓடுவது. ஆகவே வால்யூமைக் குறைத்து வைத்துக் கேட்க முடிகிறது, அதுதான் காதுக்கு லாபம்.

மறைவான செலவுகள்: அந்த மேசைப் பெட்டி இல்லாமல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பு கிடையாது, தனி டாங்கிளும் இல்லை. நண்பன் வீட்டுக்குப் போகும்போது பெட்டியையும் வயரோடு தூக்க வேண்டும், அல்லது 3.5 மிமீ வயரில் ஓட்ட வேண்டும். சோனார் என்ற ஈக்வலைசர் மென்பொருள் அருமையானது, ஆனால் விண்டோஸில் மட்டும். பிளேஸ்டேஷன் பதிப்பு எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யாது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு எல்லாவற்றிலும் வேலை செய்யும். ஆகவே எக்ஸ்பாக்ஸ் இன்று இல்லாவிட்டாலும், விலை ஒன்றாக இருந்தால் அந்தப் பதிப்பை எடுங்கள். உள்ளே தள்ளிக்கொள்ளும் மைக் வசதியானது. குரல் மட்டும் சற்று நெரிந்து, மூக்கடைத்தது போலக் கேட்கும். 350 டாலருக்கு இதைவிட நல்ல மைக் கொடுத்திருக்க வேண்டும்.

கணினியும் கன்சோலும் ஒரே மேசையில் இருப்பவர், அறையில் ஃபேனோ ஏசியோ இடைவிடாமல் ஓடுபவர், ஐந்தாறு வருடம் ஒரே ஹெட்செட்டை வைத்துக்கொள்ள நினைப்பவர்: உங்களுக்கு இது. கணினி மட்டும் வைத்திருப்பவர் பயன்படுத்தாத துளைக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

## ஆடிஸி மேக்ஸ்வெல்: காது முதலில் என்பவருக்கு

ஒலியை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இந்த வயர்லெஸ்களில் தயங்காமல் இதைக் காட்டுவேன். ஆடிஸி, கலிபோர்னியாவில் இசைக்கேட்போருக்கான விலை உயர்ந்த பிளேனர் ஹெட்போன்களைச் செய்து பெயர் எடுத்த நிறுவனம். சாதாரண டிரைவரில் ஒரு சுருள் கூம்பைத் தள்ளும். தள்ளும் விசை அந்தச் சுருள் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் விழும். பிளேனரில் மெல்லிய படலம் முழுக்க மின்தடம் படர்ந்திருக்கும். காந்தங்களின் புலத்தில் படலம் மொத்தமும் ஒரே வீச்சில் அசையும். மேக்ஸ்வெல்லில் அந்தப் படலத்தின் விட்டம் 90 மிமீ. வழக்கமான கேமிங் டிரைவர் 40 முதல் 50 மிமீ. காதில் இதன் பலன் என்ன? வெடிச்சத்தம் அடிவயிறு வரை இறங்கும், ஆனால் அதே கணத்தில் மாடிப்படியில் நடக்கும் காலடி அதில் மூழ்காது. இரண்டும் தனித்தனியாக நிற்கும். பின்னணி இசைக்காகவே சில விளையாட்டுகளை விளையாடுபவர்கள் உண்டு, நானும் ஒருவன். அவர்கள் இதை ஒரு முறை கேட்டால் கழற்ற மனம் வராது.

80 மணி நேர பேட்டரி, புளூடூத்தில் இசையைக் கூடுதல் தரத்தில் அனுப்பும் எல்டாக் வசதி, கழற்றி மாட்டும் மைக், மைக்கில் சேரும் இரைச்சலை ஹெட்செட்டிலேயே வடிகட்டும் பொத்தான் எல்லாம் இருக்கின்றன. கன்சோலில் விளையாடுபவருக்குக் கணினி மென்பொருள் உதவிக்கு வராது. அவருக்கு அந்தப் பொத்தான் பெரிய உதவி. மைக்கும் நோவா ப்ரோவைவிடத் தெளிவு. 2023 ஆகஸ்டில் சோனி இந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. பல தளங்களுக்கும் தொடர்ந்து தயாரிக்கும் என்று அப்போதே சொன்னார்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு எடைக்கு வர வேண்டும். 490 கிராம் என்பது கிட்டத்தட்ட அரைக்கிலோ சர்க்கரைப் பொட்டலம். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் உட்காருவதை எண்ணிப் பாருங்கள். தலைப்பட்டை எடையை நன்றாகத்தான் பரப்புகிறது, பழகியும் விடுகிறார்கள். ஆனால் கழுத்து வலி ஏற்கனவே உள்ளவர், நாள் முழுக்க கணினி முன் குனிந்திருப்பவர், ஒல்லியான கழுத்துள்ள பதின்வயதுப் பிள்ளைகள் ஆகியோருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் மாட்டேன். பெரிய செயற்கைத் தோல் குஷன் காதை முழுக்க மூடுவதால், ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரத்தில் நனைந்துவிடும். அடிக்கடி துடைப்பது, மாற்றுக் குஷனுக்கு ஒரு தொகை ஒதுக்குவது இரண்டையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி உள்ளே பொதிந்தது, நோவா ப்ரோ போல நாமே மாற்ற முடியாது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர் 30 டாலர் அதிகம் கொடுத்து அந்தப் பதிப்பை வாங்க வேண்டும். டால்பி அட்மாஸ் என்ற சரவுண்ட் மென்பொருளின் உரிமம் அதில் அடக்கம்.

பிஎஸ்5 மட்டுமே வைத்திருப்பவருக்கு ஒரு இடைக்குறிப்பு: சோனியின் பல்ஸ் எலீட், 2024-இல் 150 டாலருக்கு வந்தது, அதிலும் பிளேனர் டிரைவர்தான். மேக்ஸ்வெல்லின் ஆழம் அதில் கிடைக்காது. ஆனால் பாதி விலை, மேக்ஸ்வெல்லைவிடப் பெருமளவு லேசு. முப்பதாயிரத்தைத் தொடுவதற்கு முன் அதை ஒரு முறை காதில் வைத்துப் பாருங்கள்.

## ஹைப்பர்எக்ஸ் க்ளவுட் ஆல்ஃபா, ரேசர் பிளாக்‌ஷார்க்: இருநூறு டாலரில் நிறுத்திக்கொள்பவருக்கு

ஒரே கணினி, ஒரே நாற்காலி, போட்டி விளையாட்டு. இப்படிப்பட்டவருக்கு மேலே சொன்ன இரண்டும் தேவையில்லை.

க்ளவுட் ஆல்ஃபா வயர்லெஸ் 300 மணி நேரம் ஓடும் என்று 2022 தொடக்கத்தில் அறிவித்தபோது எழுத்துப்பிழையோ என்று பலர் நினைத்தார்கள். பிழையில்லை. தினமும் 4 மணி நேரம் விளையாடினால் வருடத்துக்கு 1,460 மணி. அதற்கு 22 மணி பேட்டரியை 66 முறை சார்ஜ் செய்ய வேண்டும், 80 மணி பேட்டரியை 18 முறை, இதை ஐந்தே முறை. லித்தியம் பேட்டரி சார்ஜ் சுழற்சியாலும் தேயும், வயதாலும் வெப்பத்தாலும் தேயும். இதில் சுழற்சித் தேய்மானம் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. நான்கு வருடம் கழித்துப் பாதியாகக் குறைந்தால்கூட 150 மணி கையில் இருக்கும். பேட்டரியை மாற்ற முடியாது என்ற குறையை இவர்கள் இப்படிக் கடந்திருக்கிறார்கள்.

ஆனால் இதில் புளூடூத் இல்லை, 3.5 மிமீ துளையும் இல்லை. எல்லாம் அந்தக் கட்டைவிரல் அளவு டாங்கிள் வழியாகத்தான். வேறொரு ஹெட்செட்டில் எனக்கு நடந்தது இது: சிபியூவை நகர்த்தும்போது டாங்கிள் சுவரில் இடித்து வளைந்தது. தனியாக விற்பதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஒரு கீறல்கூட விழாத ஹெட்செட் அன்றிலிருந்து அலமாரியில் தூங்குகிறது. அதனால் டாங்கிள் மட்டுமே வழி என்றால், அதைக் கணினியின் முன்புறம் நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகாதீர்கள். சின்ன யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் மாட்டி மேசை மேல் வையுங்கள். இதற்கு இரண்டாவது பலனும் உண்டு: யூஎஸ்பி 3.0 துளைகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், டாங்கிள் தள்ளி இருந்தால் ஒலி வெட்டுப்படாது. அடுக்குமாடியில் சுற்றிலும் வைஃபை நிறைந்திருக்கும் வீடுகளில் இந்த ஐம்பது நூறு ரூபாய் வயர் நிறையப் புகார்களைத் தீர்த்திருக்கிறது.

பிளாக்‌ஷார்க் வி2 ப்ரோவில் பெயரைக் கவனித்து வாங்குங்கள். 2020-இல் வந்ததும் 2023-இல் வந்ததும் ஒரே பெயரில் கிடைக்கின்றன. புளூடூத்தும் 70 மணி பேட்டரியும் 2023 பதிப்பில்தான், மைக் முன்னேற்றமும் அதில்தான். பழையதைத் தள்ளுபடி என்று காட்டி விற்பார்கள். புதிய பதிப்பின் மைக் இந்த நான்கு வயர்லெஸ்களிலும் சிறந்தது என்பது என் கருத்து. குரலின் கனம் அப்படியே போய்ச் சேருகிறது. குஷன் மூச்சுவிடும் துணி, 320 கிராம் எடை, கண்ணாடியோடும் பெரிய உறுத்தல் இல்லை. இசை கேட்க இது மேக்ஸ்வெல்லின் பக்கத்தில்கூட வராது. காலடி கேட்க, நண்பனிடம் "இடது பக்கம் இரண்டு பேர்" என்று தெளிவாகச் சொல்ல, இதற்கு மேல் 150 டாலர் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

## சென்ஹைசர் எச்டி 560எஸ், தனி மைக்: அமைதியான அறை கிடைத்தவருக்கு

பெயரில் கேமிங் இல்லை, விளக்கு இல்லை, வயர் மூன்று மீட்டர். ஆனால் ஓப்பன்-பேக் ஹெட்போனில் ஒரு திறந்த உலக விளையாட்டை விளையாடிப் பார்த்தவருக்கு நான் சொல்வது புரியும். காதுக்கோப்பையின் பின்புறம் திறந்திருப்பதால் சத்தம் தலைக்குள் அடைபடாமல் வெளியில் விரிந்து நிற்கும். தூரம் தெரியும். மழை தலைக்கு மேல் பெய்வது போலவும், குதிரைக் குளம்பு பாதையின் வளைவில் தேய்ந்து மறைவது போலவும் இருக்கும். 240 கிராம், வெல்வெட் போன்ற வெலூர் துணிக் குஷன், காது வேகாது. மேக்ஸ்வெல்லின் பாதி எடை. இதற்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதன் மின்தடை சற்று அதிகம், 120 ஓம் என்றாலும் பெரும்பாலான மதர்போர்டுகளே இதைப் போதுமான சத்தத்தில் ஓட்டும். கன்ட்ரோலர் துளையிலும் ஓடும்.

ஆயுளில் இதை எதுவும் நெருங்காது. பேட்டரி இல்லை, டாங்கிள் இல்லை. கேபிள் அறுந்தால் கேபிள், குஷன் தேய்ந்தால் குஷன். இதே நிறுவனத்தின் எச்டி 600, 1997-இல் வந்தது. இன்றும் தயாரிக்கிறார்கள், அதற்கு உதிரிப்பாகமும் கிடைக்கிறது. அந்த மரபில் வந்த பொருள் இது.

இப்போது ஃபேன் கேள்விக்குத் திரும்புகிறேன். ஓப்பன்-பேக் வெளிச்சத்தம் எதையும் தடுக்காது. ஐந்தில் ஓடும் சீலிங் ஃபேனுக்குக் கீழே இதைப் போட்டால் அந்த மழையும் குளம்பும் ஃபேன் காற்றில் கரைந்துவிடும். நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். மேலே சொன்ன டெசிபல் கணக்கு உங்கள் காதில் நடக்கத் தொடங்கும். உள்ளே ஓடுவது வெளியேயும் கேட்கும் என்பதால் இரவில் பக்கத்தில் தூங்குபவருக்கும் தொந்தரவு. விடுதி அறை, கூடம், குழந்தை தூங்கும் அறை எதற்கும் இது சரிவராது.

மைக் செலவையும் மறக்க வேண்டாம். மேசை மைக் வாங்கினால் குரல் நன்றாக இருக்கும், கீபோர்டும் ஃபேனும் சேர்ந்து போகும். ஹெட்போனில் ஒட்டவைக்கும் மைக் வாயருகே இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு, ஆனால் இன்னொரு வயர் தொங்கும். மைக்கோடு வரும் மாற்றுக் கேபிள்களில் பல 3.5 மிமீ துளைக்கானவை. இதன் துளை 2.5 மிமீ, திருகிப் பூட்டும் வகை. பொருந்துமா என்று பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

## வாங்கிய முதல் வாரம்

எதை வாங்கினாலும் திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் மூன்று சோதனை செய்யுங்கள். ஒரே அமர்வில் மூன்று மணி நேரம் கழற்றாமல் போட்டிருங்கள், கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடு. ஃபேனை முழு வேகத்தில் வைத்து உங்கள் குரலைப் பதிவுசெய்து கேளுங்கள். வைஃபையில் வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்க்கும் நேரத்தில் விளையாடி, ஒலி வெட்டுகிறதா என்று பாருங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது ஒன்று உண்டு: வாரன்டி இந்தியாவில் செல்லுமா, பில்லில் அது இருக்குமா? வெளிநாட்டிலிருந்து நேராகக் கொண்டுவந்து விற்கும் பொருள் சில ஆயிரம் மலிவாக இருக்கும். பழுதானால் அனுப்ப இடம் இருக்காது.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். விடுதியில் மூன்று பேர் இருக்கும் அறை, ஓப்பன்-பேக் அங்கேயே அடிபட்டது. கண்ணாடி அணிபவன், ஏசி இல்லை, மேக்ஸ்வெல் வேண்டாம் என்றேன். அவனுக்குத்தான் முகம் வாடியது; ஒலியைக் கேட்டு அதன் மேல் ஆசை வைத்திருந்தான். கன்சோல் இல்லை, மேசையே அரை மேசை, நோவா ப்ரோவின் பெட்டிக்கு இடமில்லை. மிஞ்சியது இருநூறு டாலர் வகுப்பு. க்ளவுட் ஆல்ஃபாவா பிளாக்‌ஷார்க்கா என்றதில், அறை நண்பர்கள் தூங்கும்போது மெல்லப் பேச வேண்டியிருக்கும் என்று மைக்குக்காக பிளாக்‌ஷார்க்கை எடுத்தான், 2023 பதிப்பு. மீதிப் பணத்தில் ஒரு நல்ல நாற்காலி பார்க்கிறான்.

நேற்று அந்த ஹெட்செட்டிலிருந்தே பேசினான். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. கரண்ட் போய்விட்டதா, ஃபேன் ஓடவில்லையா என்று கேட்டேன்.

"அஞ்சுல ஓடுது மாமா."